சார்லியின் பாதமும் ஜூலியின் பாதமும்

போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் நடைக்குப் போயிருந்தேன். எதிரே எங்க தெருத் தம்பி ஒருத்தன் தன்னோட லாப்ரடாரோடு வந்துகிட்டிருந்தான். நாய் பேரு ஜூலி. ஒன்பது வயசு. எப்பவும் என்னைப் பார்த்தா வாலாட்டிக்கிட்டு ஓடி வரும். அன்னைக்கு வரல. ஒவ்வொரு காலையும் முட்டி வரைக்கும் தூக்கி, காத்துல உதறி, அப்புறம் தயங்கித் தயங்கி கீழே வெச்சுது. கிட்டப் போய்ப் பார்த்தா நாலு கால்லயும் சிவப்பு ஷூ!

"என்னடா இது?"ன்னு கேட்டேன்.

"பாரிஸ்லேர்ந்து சித்தப்பா அனுப்பினது அண்ணே. பனிக்காலத்துல நாய் பாதத்தைப் பாதுகாக்கணுமாம். ஜனவரியில மணாலி போறோம், அதுக்குப் பழக்குறேன். சார்லி படம் பார்த்தீங்கல்ல? அந்த மாதிரி ஒரு தடவையாவது இவளுக்குப் பனியைக் காட்டிடணும் அண்ணே. வயசாயிடுச்சு."

புதுச்சேரிக்காரங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது. நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு சொல்தா குடும்பம், வீட்டுக்கு ஒரு பிரான்ஸ் சொந்தக்காரர். செண்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வந்த பெட்டியில் இப்ப நாய் ஷூவும் வருது. கூடவே வாட்ஸ்அப்பில் சித்தப்பாவின் குரல்: "வெளிய போய்ட்டு வந்ததும் காலைக் கழுவுடா, ரோட்டு உப்பு ஒட்டியிருக்கும்." பாரிஸில் அது சரியான அறிவுரை. பனி உறைஞ்சா அங்கே ரோட்டில் உப்பு தூவுவாங்க. இங்கே உப்பைப் பார்க்கணும்னா மரக்காணம் உப்பளத்துக்குத்தான் போகணும். அன்னைக்கு என் போன் காட்டின வெப்பம் 22 டிகிரி.

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா வீட்டுக்கு வந்தும் அந்தத் தம்பி சொன்னது மனசை விட்டுப் போகல. நாய்க்குப் பனியைக் காட்டணும்ங்கிற ஆசை அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு? ஒரு படத்திலிருந்து. ஒரு படம் ஒரு வயசான நாயை ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் கொண்டுபோக வைக்கிற அளவுக்கு வேலை செய்யுதுன்னா, அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டியதுதான். இந்தத் தடவை நாயோட முகத்தை விட்டுட்டு அதோட பாதத்தைப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

படம் என்ன சொல்லுது

'777 சார்லி' 2022 ஜூன் 10-ம் தேதி வெளியான கன்னடப் படம். கிரண்ராஜ் இயக்கம், ரக்ஷித் ஷெட்டி நடிப்பு. தமிழிலும் கூடவே வந்துச்சு. கார்த்திக் சுப்பராஜ் தரப்பு இங்கே வெளியிட்டாங்க. சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது, 69-வது விருது விழாவில், இதுக்குத்தான் கிடைச்சுது. படம் பார்த்துட்டு அப்போதைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மை தேம்பி அழுத வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: தர்மா, மைசூரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. சின்ன வயசில் விபத்தில் குடும்பத்தை இழந்தவன். யாரோடும் ஒட்டாதவன். நாய் வளர்த்து விற்கிற ஒரு கொடுமைக்காரனிடமிருந்து தப்பி வந்த ஒரு லாப்ரடார் அவன் வாசலில் ஒட்டிக்குது. அவன் விரட்டுறான், அது போகல. கடைசியில் அவன் மாறுறான். அப்பத்தான் அதுக்கு ரத்தநாளப் புற்றுநோய்னு தெரியுது. டிவியில் பனி தெரியும்போதெல்லாம் சார்லி குஷியாகிறதை அவன் கவனிக்கிறான். பனியைக் காட்டணும்னு பைக்கில் சைடு கார் மாட்டிக்கிட்டு இமயமலைக்குக் கிளம்பிடுறான். மீதிப் படம் அந்தப் பயணம்.

நல்ல படம்தான். நானும் முதல் தடவை அழுதேன். அதைச் சொல்லிட்டுத்தான் மேலே போகணும். நாயை வெச்சுப் படம் எடுத்த நம்ம ஆட்கள் பல பேர் அதை ஒரு சின்ன மனுஷனாவே நடிக்க வெச்சாங்க. மாலை போடும், வில்லனைக் கடிக்கும், சாட்சி சொல்லும். கிரண்ராஜ் அப்படிச் செய்யல. சார்லி நாயாவே இருக்கு. வீட்டைக் குப்பை ஆக்குது, திருடித் தின்னுது, காரணமில்லாமல் சந்தோஷமா இருக்கு. கூடவே ஒரே ரத்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்துக் குட்டி எடுத்து விற்கிற வியாபாரத்தைப் பேரு சொல்லித் திட்டுது படம். அந்த தைரியத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆனா பனி? அந்தப் பனி யாரோட ஆசை?

டிவியில் நகர்ற வெள்ளையைப் பார்த்து நாய் காது நிமிர்த்துறது வேற, 'எனக்குப் பனிக்குப் போகணும்'னு ஆசைப்படுறது வேற. நடுவில் இருக்கிற பள்ளத்தை தர்மாதான் தாண்டுறான், சார்லி தாண்டல. படம் இந்தத் தாவலை நாம கவனிக்காத வேகத்தில் கடந்துடுது. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு கிலோமீட்டரும் 'அவளோட ஆசை' கணக்கில் எழுதப்படுது. நோய் முத்தின ஒரு நாய், நாள் கணக்கா சைடு காரில், குளிரை நோக்கி. ஒரு நிஜ மருத்துவர் இதுக்குச் சரின்னு சொல்லுவாரான்னு தெரிஞ்சுக்க இமயமலை வரைக்கும் போக வேண்டாம். இங்கே குரும்பாபட்டில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி வாசலில் நின்னு கேட்டாலே போதும்.

பாதம் ஒரு பதில் வெச்சிருக்கு

இங்கே கொஞ்சம் நியாயமா இருக்கணும். ஏன்னா நான் குறிப்பெடுக்க உட்கார்ந்தப்ப, படத்துக்கு எதிரா நான் நினைச்சதில் பாதி தப்புன்னு தெரிஞ்சுது.

முதல் விஷயம், லாப்ரடார் குளிருக்கு அந்நியம் இல்ல. இந்த இனத்தோட மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்களோட நாய்கள். உறையுற கடலில் குதிச்சு, வலையையும் மீனையும் இழுத்து வந்தவை. நீளமான முடியில் ஐஸ் பிடிச்சுக்கும்ங்கிறதாலதான் அந்தக் குட்டையான, எண்ணெய்ப் பசை உள்ள, அடர்த்தியான முடி மதிக்கப்பட்டுச்சு. அதனால் சார்லி பனியில் குதிச்சா அதில் ஒரு பரம்பரை நியாயம் இருக்கு. சொல்லப்போனா, அது மே மாசத்தில் தட்டாஞ்சாவடியில் மூச்சிரைக்கிறதுதான் அநியாயம்.

ரெண்டாவது, பாதம். வெறுங்காலோடு நாம பனியில் நின்னா சில நிமிஷத்தில் மரத்துப்போகும். நாய் எப்படி நிக்குது? இதைப் பத்தி ஜப்பானில் நினோமியா என்கிற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. நாயோட பாத மெத்தைக்குள் ரத்தக் குழாய்கள் எப்படி ஓடுதுன்னு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தாங்க. சூடான ரத்தத்தைக் கீழே கொண்டுவர்ற தமனியைச் சுத்தி, குளிர்ந்த ரத்தத்தை மேலே கொண்டுபோற சிரைகள் வலை மாதிரி பின்னியிருக்கு. கீழே இறங்குற சூடு பக்கத்திலேயே ஏறிவர்ற குளிர்ந்த ரத்தத்துக்குக் கைமாறிடுது. அதனால் பாதத்தில் தொட்ட குளிர் உடம்புக்குள் ஏறாது. உடம்பின் சூடும் பாதம் வழியா தரைக்கு வீணா ஒழுகாது. வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் ஒட்டி ஒட்டி, எதிரெதிர்த் திசையில் ஓட விட்டா என்ன ஆகுமோ அதேதான்.

அதுக்கு வெகு முன்னாடியே, 1972-ல் 'சயின்ஸ்' இதழில் ஹென்ஷா முதலிய மூவர் ஆர்க்டிக் நரியையும் ஓநாயையும் வெச்சுச் செய்த சோதனை வந்திருக்கு. பாதத்தை மைனஸ் 35 டிகிரிக் கரைசலில் வெச்சும், பாதத்தோட திசு உறைஞ்சுபோற எல்லைக்குச் சற்றே மேலே தன்னை நிறுத்திக்கிச்சு. அதுக்கு மேலே சூடாக்கி எரிபொருளை வீணாக்கல, அதுக்குக் கீழே விட்டு உறையவும் விடல. எவ்வளவு கச்சிதமான சிக்கனம்!

அப்ப ஷூ எதுக்கு? குளிருக்கு இல்லைங்கிறதுதான் சுவாரசியமான பதில். அலாஸ்காவில் 1973-லிருந்து நடக்கிற 'இடிட்டராட்' நாய்வண்டிப் பந்தயம் சுமார் 1,600 கிலோமீட்டர். அதில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டு காலுறை வண்டியில் இருக்கணும், இல்லாட்டி காலில் இருக்கணும்னு விதி. அந்தக் காலுறை கம்பளி வெச்ச பூட்ஸ் இல்ல. மெல்லிய, முரட்டுத் துணிப் பை, மேலே ஒட்டுப்பட்டை. அவ்வளவுதான். வேலை என்னன்னா, கண்ணாடித் தூள் மாதிரி இருக்கிற பனிப் படிகம் பாதத்தைத் தேய்ச்சு அறுக்காமல் பார்த்துக்கிறது. விரலிடுக்கு முடியில் பனி உருண்டை கட்டி, செருப்புக்குள் கல் மாட்டின மாதிரி குத்தாமல் தடுக்கிறது. நாய்கள் படுத்து ஓய்வெடுக்கும்போது அதைக் கழட்டிடுவாங்க. இறுகின பட்டை ரத்த ஓட்டத்தைத் தடுத்தா, நான் மேலே சொன்ன அந்த அருமையான ஏற்பாடே கெட்டுப்போகும் இல்லையா?

நகரத்துப் பனியில் இன்னொரு ஆபத்து உப்பு. அது பாத வெடிப்பில் எரியும். நாய் நக்கினா வயித்தைக் கெடுக்கும். காரில் ஊத்துற உறைதடுப்புத் திரவம் ரோட்டில் ஒழுகியிருந்தா அது விஷம், அதோட இனிப்பு விஷம். சித்தப்பா காலைக் கழுவச் சொன்னது இதனாலதான். அவர் ஊருக்கு அது அனுபவ அறிவு.

ஆக, பனியில் ஒரு நாயோட பாதம் அப்பாவியும் இல்ல, அசைக்க முடியாததும் இல்ல. பழகின பாதம் தாங்கும். தார் ரோட்டிலும் மொசைக் தரையிலும் ஒன்பது வருஷம் நடந்த பாதம், ஒரே நாளில் அந்த வேலைக்குப் பழகிடாது. நோயாளி உடம்பும் கிழட்டு உடம்பும் ரத்த ஓட்டத்தை அவ்வளவு கச்சிதமா நடத்தாது. படம் காட்டாமல் விடுறது இந்த நடுப்பகுதியைத்தான். சார்லியோட கண்ணுக்கு எத்தனை குளோசப்! பாதத்துக்கு இந்த அக்கறையில் பாதி கிடைச்சிருந்தாலும் படம் வேற மாதிரி ஆகியிருக்கும்.

பனியில் நாய் யாருக்காக நடக்குது?

பனியும் நாயும் சேர்ந்த படங்களை வரிசையா யோசிச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டா அதோட குணம் தெரிஞ்சுடுது.

2019-ல் வந்த 'டோகோ'. 1925 ஜனவரி கடைசியில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவினப்ப, நெனானாவிலிருந்து 674 மைல் தூரத்தை 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் அஞ்சல் ஓட்டமா ஓடி மருந்தைச் சேர்த்தாங்க. கடைசிக் கட்டத்தை ஓடின பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை வெச்சாங்க, 1995-ல் கார்ட்டூன் படமும் எடுத்தாங்க. எல்லாரையும் விட நீளமான, ஆபத்தான தூரத்தை ஓடினது லியோன்ஹார்ட் செப்பாலாவின் டோகோ. அப்ப அதுக்கு 12 வயசு. அந்தக் கணக்கைத் திருத்த வந்த படம் இது. இங்கே நாய் ஊருக்காக, எஜமானுக்காக நடக்குது. படம் அதை மறைக்கல. உழைப்புன்னு ஒத்துக்குது. உழைப்புன்னு ஒத்துக்கிட்டா கூலி கேட்கலாம், நியாயம் கேட்கலாம்.

1983-ல் வந்த ஜப்பானியப் படம் 'நான்கியோகு மொனோகதாரி'. 1958 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் ஷோவா முகாமிலிருந்து அவசரமாக் கிளம்பின ஆய்வுக் குழு, 15 நாய்களைச் சங்கிலியில் கட்டின மாதிரியே விட்டுட்டு வந்தாங்க. அடுத்த குழு வரும், அவிழ்க்கும்னு நினைச்சாங்க. வரல. 1959 ஜனவரியில் திரும்பிப் போனப்ப ஏழு நாய் சங்கிலியிலேயே செத்துக் கிடந்துச்சு. ஆறு காணோம். தாரோ, ஜிரோங்கிற ரெண்டு மட்டும் உயிரோடு நின்னுச்சு. அந்தப் படத்தில் நாய் யாருக்காகவும் நடக்கல, பிழைக்க நடக்குது. குற்றம் மனுஷனோடது, அதை அவன்தான் சுமக்கணும். இதே கதையை 2006-ல் ஹாலிவுட் 'எய்ட் பிலோ'ன்னு எடுத்தப்ப நாய் எட்டாச்சு, பிழைச்சது ஆறாச்சு. பார்க்கிறவன் தாங்குற அளவுக்குச் சாவைக் குறைச்சுட்டாங்க. குற்றமும் அந்த அளவுக்குக் குறைஞ்சுபோச்சு.

நம்ம பக்கம் அதே 2022-ல் 'ஓ மை டாக்' வந்துச்சு. பார்வையில்லாத ஒரு ஹஸ்கிக் குட்டி, அதை வளர்க்கிற ஒரு சிறுவன். கதை ஊட்டியில் நடக்குது. ஹஸ்கிக்கு அந்தக் குளிராவது கிடைச்சுதேன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அந்த மாதிரிப் படம் பார்த்த பிறகு குட்டி கேட்டு அடம் பிடிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஊட்டியில் இல்லையே!

இந்த வரிசையில் '777 சார்லி'யை வெச்சா என்ன தெரியுது? சார்லி தர்மாவுக்காகத்தான் நடக்குது. அவன் மனுஷனாக, அவன் உறைஞ்சு கிடந்த மனசு இளக. பனியைப் பார்க்கிறது நாய், இளகுறது அவன். அது தப்பில்ல. எல்லாக் கதையிலும் யாரோ யாருக்காகவோ நடக்கத்தான் செய்யுறாங்க. ஆனா டோகோ படத்துக்கு இருக்கிற நேர்மை இதுக்கு இல்ல. மனுஷனோட தேவையை நாயோட ஆசைன்னு இது பேரு மாத்தி வெச்சிருக்கு. அந்தப் பேரு மாத்தம்தான் தட்டாஞ்சாவடி வரைக்கும் வந்து ஜூலி காலில் சிவப்பு ஷூவா நிக்குது.

தர்மாவும் தர்மனும்

கதாநாயகன் பேரு தர்மா. ஒரு நாய். இமயமலைப் பயணம். மகாபாரதம் ஞாபகம் வரலைன்னா தான் ஆச்சரியம். இயக்குநர் தெரிஞ்சேதான் வெச்சிருக்கார். ஆனா மூலத்தோடு ஒட்டிப் பார்த்தா, அவர் எதைத் திருப்பிப் போட்டிருக்கார்னு தெரியும்.

மகாபிரஸ்தானத்தில் பாண்டவர்கள் வடக்கே நடக்கிறாங்க. ஒரு நாய் தானா வந்து சேர்ந்துக்குது. யாரும் அதைக் கூட்டிப் போகல, அதுக்கு எதையும் காட்டணும்னு யாரும் நினைக்கல. திரௌபதி விழுறா, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன்னு ஒவ்வொருத்தரா விழுறாங்க. நாய் மட்டும் விழல. கடைசியில் இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்ல, விட்டுட்டு வான்னு சொல்றான். அண்டி வந்ததை விட்டுட்டு வர மாட்டேன்னு தருமன் மறுக்கிறான். அப்பத்தான் நாய் தர்மதேவதைன்னு தெரியுது.

அங்கே சோதனை மனுஷனுக்கு. சொர்க்கத்தையே கொடுத்தாலும் நாயை விடுவியா? படத்தில் சொர்க்கம் பனியா மாறிடுது. மனுஷன் நாயை அங்கே கூட்டிட்டுப் போறான், நாய் செத்துப்போகுது, ஒரு குட்டியை விட்டுட்டுப் போகுது, மனுஷன் திரும்பி வர்றான். மூலத்தில் நாய்க்காகச் சொர்க்கத்தை விடுறதுதான் தர்மம். படத்தில் நாய்க்குச் சொர்க்கத்தைக் காட்டுறது தர்மம். முதலாவது கஷ்டம், ரெண்டாவது அழகு. சினிமா அழகைத் தேர்ந்தெடுத்துச்சு.

இந்த இடத்தில் என்னால் 'பரியேறும் பெருமாள்' பத்தி நினைக்காமல் இருக்க முடியல. 2018-ல் மாரி செல்வராஜ் காட்டின கருப்பிக்கு எந்த ஆசையையும் யாரும் கண்டுபிடிச்சுக் கொடுக்கல. அது கரிசல் காட்டில் ஓடுற ஒரு வேட்டை நாய். அதைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டுக் கொல்றாங்க. ஏன்னா அது யாரோட நாய்ங்கிறது அவங்களுக்குத் தெரியும். ஒரு நாயோட சாவு மனுஷங்க நடுவில் இருக்கிற சாதியை அவ்வளவு துல்லியமாக் காட்டினது தமிழில் வேற எந்தப் படத்திலும் இல்லைன்னு நினைக்கிறேன். கருப்பி பரியனைத் திருத்த வரல. அது அவனோட வாழ்ந்துச்சு, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிச்சிருக்கு.

நம்ம ஊர்ப் பாதங்கள்

சரி, தட்டாஞ்சாவடியில் நாய்ப் பாதத்துக்கு உண்மையான எதிரி யாரு? மார்கழி இல்ல. இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குறதே அபூர்வம். மார்கழியில் தெரு நாய்கள் என்ன செய்யுதுன்னு பாருங்க. மணல் குவியலில் குழி பறிச்சு, மூக்கை வாலுக்கு அடியில் செருகி, நாலு பாதத்தையும் வயித்துக்கடியில் மடக்கி வட்டமாப் படுத்துக்கும். டீக்கடைச் சாம்பல் மேலே படுக்கும். இப்பத்தான் நிறுத்தின காருக்கு அடியில் ஒண்டும். (காலையில் வண்டியை எடுக்கும்முன் ஒரு தட்டு தட்டிட்டு எடுங்க.) ஒரு பழைய சாக்கை வாசல் ஓரம் போட்டா அதுக்கு அதுவே கம்பளி.

எதிரி சித்திரை, வைகாசி. உச்சி வெயிலில் தார் ரோட்டு மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மனுஷத் தோல் ஐந்தே வினாடியில் வெந்துபோகும். நாய்ப் பாதம் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். நான் மேலே சொன்ன அந்தக் குளிர் ஏற்பாடு சூட்டுக்கு உதவாது. நாய்க்கு வியர்க்கிற இடமே பெரும்பாலும் பாதம்தான், அதையே தார் மேலே வெச்சா எங்கே ஆறும்? புறங்கையை ஏழு வினாடி ரோட்டில் வெச்சுப் பாருங்க. உங்களால் முடியலைன்னா உங்க நாயாலும் முடியாது.

அடுத்த எதிரி ஐப்பசி, கார்த்திகை. தெருவில் தேங்குற மழைத்தண்ணி. நாள் முழுக்க ஈரத்தில் ஊறின விரலிடுக்கு சிவந்து, அரிச்சு, நாத்தம் அடிக்கும். நாய் ஓயாமல் நக்கும். பாரிஸில் உப்பைக் கழுவுற அதே கை இங்கே சேத்தைக் கழுவி, விரலிடுக்கை நல்லாத் துடைச்சுக் காயவைக்கணும். சித்தப்பாவோட அறிவுரையில் பாதி இங்கேயும் செல்லும். காரணத்தை மட்டும் மாத்திக்கணும்.

நடுப்பகல் தார் ரோட்டைக் கடக்கிற ஒரு நாயைப் பத்தி யாரும் படம் எடுக்கல. பனி வெள்ளையா இருக்கு, அழகா இருக்கு, தூரத்தில் இருக்கு. தார் நம்ம வாசலிலேயே இருக்கு.

ஜூலி

ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். விமர்சனம் எல்லாம் பேசல. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் டிக்கெட் போடுடா"ன்னு மட்டும் சொன்னேன். போயே தீருவேன்னா என்ன செய்யணும்னும் எழுதிக் கொடுத்தேன்: விரலிடுக்கு முடியை வெட்டிவிடு. வெளியே போகும்முன் பாதத்தில் லேசா வாசலின் தடவு. ஷூவை வீட்டுக்குள்ளேயே தினம் சில நிமிஷம் போட்டுப் பழக்கு. ரெண்டு விரல் நுழையாத அளவுக்கு இறுக்காதே, படுக்கும்போது கழட்டிடு. காலைத் தூக்கித் தூக்கி நின்னாலோ நொண்டினாலோ அப்பவே திரும்பிடு. உள்ளே வந்ததும் வெதுவெதுப்பான தண்ணியில் கழுவித் துடை. காது நுனியையும் வால் நுனியையும் தொட்டுப் பார், குளிர் முதலில் கடிக்கிற இடம் அதெல்லாம்.

அவன் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அண்ணே, அவளுக்கு நிஜமாவே பனி பிடிக்குமா?"

"தெரியாதுடா. அவளுக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத்தானே தெரியும்?"

டாக்டர், பின்னங்கால் மூட்டு தேய்ஞ்சிருக்கு, அவ்வளவு தூரம் வேண்டாம்னுட்டாராம். அவனுக்கு வருத்தம்தான். பொங்கல் கழிஞ்ச ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியறதுக்கு முன்னாடியே அவளை வீராம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனான். நானும் கூடப் போனேன். ஈர மணலில் ஷூ இல்லாமல் நடந்தா. அலையைப் பார்த்ததும் நேரா உள்ளே இறங்கி, கழுத்தளவு தண்ணியில் நின்னுக்கிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தா. மீனவர் நாயோட பேத்தி. இதுதான் அவளோட ஆசைன்னு நான் சொல்ல வரல. சொன்னா நானும் தர்மா செஞ்சதையேதான் செய்றேன். தண்ணியில் நின்னா, அரை மணி நேரம் வெளியே வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

சிவப்பு ஷூவை அவன் தூக்கிப் போடல. மே மாசத்தில் ஒரு நாள் மத்தியானம், ஜூலியை மூட்டு வலிக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போகணும். வாசலிலிருந்து ஆட்டோ நிக்கிற இடம் வரைக்கும் ஐம்பது அடி தார் ரோடு. அந்த ஐம்பது அடிக்கு ஷூ போட்டு நடத்தினான், ஆட்டோவில் ஏறினதும் கழட்டிட்டான். பாரிஸ் சித்தப்பாவுக்கு போட்டோ அனுப்பியிருக்கான். "அங்கே பனியா பெய்யுது?"ன்னு அவர் கேட்டாராம்.